சொல்லுக்குப் பொருள் தேடிய வீரமாமுனிவர்

மாலைச் செபத்தில் நம் பாட்டிமார் சொல்லும் சில சொற்களைக் கேட்டிருப்போம். சருவேசுரன், பிரியதத்தம், இஸ்பிரீத்துசாந்து என்பார்கள். கடவுள், அருள், தூய ஆவி என்று பழகிய நமக்கு அவை புதிராகத் தோன்றும். ஆயினும் பொருள் கேட்க வெட்கப்பட்டு, நாமும் கூடவே முணுமுணுத்துவிடுகிறோம். விவிலியம் வாசிக்கும்போதும் அப்படித்தான். அருஞ்சொல் வந்தால் விரைந்து தாண்டிவிடுகிறோம். பென்னாகரம், பாலக்கோடு, அரூர்ப் பகுதிகளிலிருந்து வரும் நம்மில் சிலர் வீட்டில் தெலுங்கோ கன்னடமோ பேசுகிறவர்கள். அவர்களுக்கு ஏட்டுத் தமிழே பாதி அயல்மொழி. அப்படியானால், தமிழின் ஓர் எழுத்தும் அறியாமல் இந்நாட்டிற்கு வந்த ஒருவர் என்ன செய்திருப்பார்?

அவர்தாம் வீரமாமுனிவர். 1680ஆம் ஆண்டு நவம்பர் 8ஆம் நாள் இத்தாலி நாட்டில் காஸ்திலியோனே என்னும் ஊரில் பிறந்தார். இயற்பெயர் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி. 1698இல் இயேசு சபையில் சேர்ந்து, குருப்பட்டம் பெற்று, 1710இல் இந்தியா வந்தார். முதலில் தைரியநாதர் என்று அழைக்கப்பட்டார். பின்னர் வீரமாமுனிவர் என்னும் பெயரே நிலைத்தது.

நற்செய்தியைச் சொல்ல வந்தவர், முதலில் மாணவராக அமர்ந்தார். சுப்பிரதீபக் கவிராயரிடம் தமிழ் கற்றார் என்பர். அக்காலத்தில் அருஞ்சொற்களுக்குப் பொருள் கூறியவை நிகண்டுகள். அவை செய்யுளாக இருந்தன. ஒரு சொல்லின் பொருள் வேண்டுமெனில் பாடல்களை மனப்பாடம் செய்திருக்க வேண்டும். புதிதாகக் கற்பவர் திகைத்து நிற்பார். அந்தத் திகைப்பை முனிவர் தாமே உணர்ந்தவர். ஆதலால் 1732இல் சதுரகராதியை இயற்றினார். சொற்களை அகர வரிசையில் அடுக்கி, பெயர், பொருள், தொகை, தொடை என நான்கு பிரிவாக அமைத்தார். ஒரு சொல்லுக்குரிய பல பொருள்களை ஒரு பிரிவிலும், ஒரு பொருளுக்குரிய பல சொற்களை இன்னொன்றிலும் காணலாம். தாம் ஏறி வந்த ஏணியைப் பின்வருவோருக்காக விட்டுச்சென்றார் எனலாம்.

எழுத்திலும் அவர் கவனம் சென்றது. அந்நாளில் எகர ஒகரக் குறிலுக்குப் புள்ளி இடுவது மரபு. ஓலையில் அப்புள்ளி பெரும்பாலும் விடுபட்டுப் போகும். குறிலா நெடிலா என வாசிப்பவர் மயங்குவர். இன்று நாம் எழுதும் ஏ, ஓ வடிவங்கள் அவர் செய்த சீர்திருத்தத்தின் பயன்.

தூய சூசையப்பரின் வரலாற்றை 3,615 பாடல்களில் தேம்பாவணி என்னும் காப்பியமாகப் பாடினார். சூசைக்கு வளன் என்றும், திருமுழுக்கு யோவானுக்குக் கருணையன் என்றும் தமிழ்ப் பெயர் சூட்டினார். திருக்குறளின் அறத்துப்பாலையும் பொருட்பாலையும் இலத்தீனில் மொழிபெயர்த்தார். எளியோருக்காகப் பரமார்த்த குரு கதையையும் எழுதினார். ஏலாக்குறிச்சியிலும் கோனான்குப்பத்திலும் அன்னைக்கு ஆலயம் எழுப்பிய அவர், 1747இல் இறைவனடி சேர்ந்தார். 1968இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் அவருக்குச் சிலை வைக்கப்பட்டது.

அன்பு மாணவியரே, மொழி ஓடும் ஆறு. 1995இல் வெளிவந்த திருவிவிலியப் பொது மொழிபெயர்ப்பு நமக்கு எளிதாக இருக்கிறது. அதனால் பாட்டியின் பழஞ்சொற்கள் பிழையாகிவிடா. பிரியதத்தம் என்றாலும் அருள் என்றாலும் வேண்டுவது ஒன்றே. நம் தருமபுரியும் ஒரு காலத்தில் தகடூராக இருந்ததுதானே!

ஆகவே, இனி ஒரு சொல் விளங்காவிடில் தாண்டிச் செல்லாதிருப்போம். ஆசிரியையைக் கேட்போம், அகராதியைப் புரட்டுவோம், இன்று மாலையே பாட்டியின் அருகில் அமர்ந்து, அவர் செபத்தின் பொருளைக் கேட்டறிவோம். கடல் கடந்து வந்தவர் கேட்கக் கூசவில்லை. இம்மண்ணில் பிறந்த நாம் கூசலாமா?