புள்ளிவிவர வரைபடங்களைக் கவனமாகப் படித்தல்: பி. சி. மகாலனோபிஸின் வாழ்வு தரும் பாடம்

நோய்ப் பரவல், சிகிச்சைச் செலவு ஆகியவை குறித்த வரைபடங்களை நோயாளிகளும் அவர்களைப் பராமரிப்போரும் நாளிதழ்களிலும் கைப்பேசியிலும் அடிக்கடி காண்கின்றனர். அவற்றை அவசரமாகப் படித்தால் வீண் அச்சமோ தவறான நம்பிக்கையோ உண்டாகலாம். செலவுக்கு அஞ்சிச் சிகிச்சையைத் தள்ளிப்போடுவோரும் உண்டு. புள்ளிவிவரங்களை எச்சரிக்கையுடன் அணுகும் முறையை இந்தியாவில் நிலைநிறுத்தியவர்களுள் முதன்மையானவர் பிரசாந்த சந்திர மகாலனோபிஸ்.

இளமையும் கல்வியும்

மகாலனோபிஸ் 1893 ஜூன் 29 அன்று கல்கத்தாவில் பிறந்தார். கல்கத்தா பிரசிடென்சி கல்லூரியிலும் பின்னர் கேம்பிரிட்ஜ் பல்கலைக்கழகத்திலும் பயின்றார். இங்கிலாந்திலிருந்து தாயகம் திரும்பும் காலத்தில் 'பயோமெட்ரிகா' என்னும் புள்ளியியல் இதழின் தொகுதிகள் அவருக்கு அறிமுகமாயின. இயற்பியல் கற்பித்துக்கொண்டே புள்ளியியலில் ஈடுபட்ட அவர், 1931-இல் இந்தியப் புள்ளியியல் நிறுவனத்தைத் தோற்றுவித்தார்.

காரணத்தைச் சரியாகக் கண்டறிதல்

1926-இல் ஒடிசாவின் பிராமணி ஆற்றில் பெருவெள்ளம் ஏற்பட்டது. ஆற்றின் படுகை உயர்ந்துவிட்டதே காரணம் எனக் கருதிய பொறியாளர்கள், கரைகளை உயர்த்தப் பரிந்துரைத்தனர். பல்லாண்டுப் பதிவுகளை ஆராய்ந்த மகாலனோபிஸ், படுகை உயரவில்லை என்றும் ஆற்றின் மேற்பகுதியில் பெய்த மிகுமழையே காரணம் என்றும் காட்டினார். நோயைத் தவறாகக் கணித்தால் மருந்தும் தவறிவிடும். புள்ளிவிவரத்திற்கும் இது பொருந்தும்.

ஒரு கோட்டிற்குப் பதில் இரு கோடுகள்

1950-இல் அவரது முயற்சியால் தேசிய மாதிரிக் கணக்கெடுப்பு தொடங்கப்பட்டது. நாட்டின் எல்லா வீடுகளுக்கும் செல்லாமல், முறைப்படி தேர்ந்தெடுத்த சில ஊர்களிலும் சில வீடுகளிலும் விவரம் திரட்டி, நாட்டின் நிலையை மதிப்பிடுவது இதன் வழிமுறை. மாதிரியை இரு தனிப் பகுதிகளாகப் பிரித்து, இரண்டின் முடிவுகளையும் ஒப்பிடும் முறையையும் அவர் வகுத்தார். முடிவுகள் நெருங்கியிருந்தால் அம்மதிப்பீட்டை நம்பலாம். விலகியிருந்தால் எச்சரிக்கை தேவை.

1960-இல் வெளியான ஆய்வுரையில் இக்கருத்தை அவர் வரைபடத்திற்கும் விரிவாக்கினார். குடும்பங்களைச் செலவு வரிசைப்படி சம எண்ணிக்கையுள்ள பிரிவுகளாக்கி, ஒவ்வொரு பிரிவின் நிலையையும் தனித்தனியே குறித்தார். இரு மாதிரிகளுக்கும் இரு கோடுகள் வரைந்தார். கோடுகளுக்கு இடைப்பட்ட பரப்பு, மதிப்பீட்டில் உள்ள பிழையின் அளவைக் கண்ணுக்குக் காட்டியது. ஏழை, செல்வர் அனைவரையும் ஒரே சராசரிக்குள் அடக்கினால் மறைந்துபோகும் வேறுபாடுகளும் இதனால் வெளிப்பட்டன.

இன்று உங்களுக்கு இது எவ்வாறு பயன்படும்?

2017-18-இல் நடைபெற்ற தேசிய மாதிரிக் கணக்கெடுப்பின்படி, மகப்பேறு நீங்கலாக, ஒருமுறை மருத்துவமனையில் சேர்ந்து சிகிச்சை பெற ஆன சராசரி மருத்துவச் செலவு ரூ. 20,135. இந்த எண்ணை மட்டும் காணும் குடும்பம் மருத்துவமனைக்குச் செல்லவே தயங்கக்கூடும். ஆனால் அரசு மருத்துவமனைகளில் சராசரி ரூ. 4,452, தனியார் மருத்துவமனைகளில் ரூ. 31,845. இவையும் சராசரிகளே. உங்கள் செலவு நோயையும் சிகிச்சையையும் பொறுத்து மாறும்.

மற்றொரு எடுத்துக்காட்டு: திருவேங்கடம் வட்டம் 2019 நவம்பர் வரை திருநெல்வேலி மாவட்டத்தில் இருந்தது; இப்போது தென்காசி மாவட்டத்தில் உள்ளது. திருநெல்வேலி மாவட்டக் காசநோயாளிகளின் எண்ணிக்கையை ஆண்டுவாரியாக வரைந்தால், பிரிவினைக்குப் பின் கோடு இறங்கியதாகத் தோன்றக்கூடும். அதனால் நோய் குறைந்துவிட்டதாகப் பொருள் கொள்ளலாகாது. மாவட்டத்தின் எல்லையே மாறியுள்ளது. இரு வாரங்களுக்கு மேல் இருமல் நீடித்தால், வரைபடம் எதைக் காட்டினாலும் பரிசோதனை அவசியம்.

வரைபடத்தைக் காணும்போது கவனிக்க வேண்டியவை

• செங்குத்து அச்சு பூச்சியத்தில் தொடங்குகிறதா? இல்லையெனில் சிறு வேறுபாடும் பெரிதாகத் தோன்றும்.
• காட்டப்படுவது மொத்த எண்ணிக்கையா, இலட்சம் பேருக்கு இத்தனை என்னும் வீதமா?
• எந்த ஆண்டு, எந்தப் பகுதி, யாரிடம் திரட்டிய விவரம்?
• சராசரி மட்டுமா, பிரிவுவாரியான விவரமும் உண்டா?
• இரண்டு கோடுகள் ஒன்றாக உயர்வதால் மட்டும் ஒன்று மற்றொன்றுக்குக் காரணமாகிவிடாது.

நிறைவாக

மகாலனோபிஸ் 1972 ஜூன் 28 அன்று, தமது 79-ஆம் பிறந்தநாளுக்கு முந்தைய நாளில் மறைந்தார். அவரது பிறந்தநாள் 2007 முதல் தேசியப் புள்ளியியல் தினமாகக் கொண்டாடப்படுகிறது. தாம் திரட்டிய எண்களையே ஐயத்துடன் சோதித்தவர் அவர். வரைபடம் பலரின் நிலையைத் தொகுத்துக் கூறும். உங்கள் உடல்நிலையை அறிய மருத்துவரையே அணுகவும்.