கடலூரில் மறைந்த பீரங்கிக் கணிதர்

எறிபொருள் இயக்கத்தைச் சோதனையின் துணைகொண்டு அளந்து காட்டிய பெஞ்சமின் ராபின்ஸ், கடலூரை ஒட்டிய செயின்ட் டேவிட் கோட்டையில் 1751 ஜூலையில் காய்ச்சலால் இறந்தார். கோட்டைகளை வலுப்படுத்தக் கிழக்கிந்தியக் கம்பெனி அனுப்பிய தலைமைப் பொறியாளர் அவர். இங்கு வந்து ஓராண்டே ஆகியிருந்தது.

1707-இல் இங்கிலாந்தின் பாத் நகரில், போரை மறுக்கும் குவேக்கர் குடும்பத்தில் பிறந்தவர் பீரங்கியை ஆராயப் புகுந்தது விந்தைதான். பெரும்பாலும் தாமே கணிதம் கற்று, இருபது வயதிலேயே ராயல் சொசைட்டி உறுப்பினரானார். 1742-இல் வெளிவந்த அவரது பீரங்கியியல் நூலை ஆய்லர் விரிவான உரையுடன் ஜெர்மனில் பெயர்த்தார்.

கனத்த ஊசல் ஒன்றில் குண்டைச் சுட்டு, அது எவ்வளவு ஆடியது என்பதிலிருந்து குண்டின் வேகத்தைக் கணித்தார் ராபின்ஸ். நொடிக்குச் சுமார் 1,700 அடி! வெடிமருந்தின் அழுத்தத்தை அவர் வேறு வழியில் தேடினார். மருந்து எரிந்து தரும் வாயு அதன் கொள்ளளவைப் போல் 244 மடங்கு; செந்தழல் இரும்பின் வெப்பத்தில் அது மேலும் நான்கு மடங்காகும். ஆக, வளிமண்டல அழுத்தத்தைப் போல் ஏறத்தாழ 1,000 மடங்கு என்றார். அதைக்கொண்டு கணக்கிட்ட வேகமும் ஊசல் காட்டிய வேகமும் பொருந்தின.

என்னை ஈர்ப்பது இந்தப் பொருத்தமே. ஏனெனில் அழுத்தக் கணக்கு பெரிதும் குறைவானது. வெடிமருந்துச் சுடர் செந்தழல் இரும்பைவிட மிக வெப்பமானது. மூடிய கலத்தை முழுதும் நிரப்பி எரித்த நோபிளும் ஏபெலும் 1875-இல் 6,000 மடங்குக்கும் மேல் கண்டனர். குழலில் குண்டு நகர நகர வாயு விரிந்து குளிர்வதை ராபின்ஸ் கணக்கில் சேர்க்கவில்லை. ஒரு குறையை மற்றொன்று ஈடுசெய்தது.

அமெரிக்கா போன்ற நாடுகளில் ரைஃபிள் தோட்டாவுக்குத் தாமே மருந்து நிரப்புவோர் பலர். வேகமானி காட்டும் எண் மிகாதவரை அபாயமில்லை என்று நம்புவோர் அவர்களுள் உண்டு. வேகமோ குழல் நெடுகக் கிடைத்த உந்துதலின் கூட்டுத்தொகை. குழலைப் பிளப்பது ஒரு கணத்தின் உச்ச அழுத்தம். விரைந்து எரியும் மருந்தும் மெல்ல எரியும் மருந்தும் ஒரே வேகத்தைத் தந்தாலும் அவற்றின் உச்சங்கள் வெகுவாக வேறுபடலாம். பித்தளை உறை அறையில் இறுகிக்கொள்வது போன்ற அடையாளங்கள் தென்படும்போது அழுத்தம் ஏற்கெனவே வரம்பைக் கடந்திருக்கக்கூடும். அதனால்தான் மருந்து தயாரிப்போர் அழுத்தமானி பொருத்திய சோதனைக் குழலில் சுட்டு, ஒவ்வொரு மருந்துக்கும் தனித்தனியே உச்ச அளவை அச்சிடுகின்றனர்.