காற்றை அளந்தவர்

செஞ்சி ராஜகிரிக் கோட்டையின் உச்சியிலிருந்து மங்கிய தொடுவானத்தைப் பார்க்கும்போதெல்லாம் அன்னா மணி என் நினைவுக்கு வருகிறார்.

1918-இல் பீர்மேட்டில் பிறந்தவர். சென்னை மாநிலக் கல்லூரியில் பயின்று, பெங்களூரில் சர் சி.வி. ராமனிடம் வைரங்களின் ஒளியியலை ஆராய்ந்தார். முதுநிலைப் பட்டம் இல்லையென்று அவருக்கு முனைவர் பட்டம் மறுக்கப்பட்டது. அப்பட்டத்தைச் சுமக்கும் எனக்கு இது உறுத்துகிறது.

1948-இல் இந்திய வானிலைத் துறையில் சேர்ந்து, இறக்குமதியை நம்பியிருந்த கருவிகளை உள்நாட்டிலேயே செய்வித்தார். பலூனில் உயரே சென்று ஓசோனை அளந்து, வானொலி அலையில் தகவல் அனுப்பும் கருவியும் அவற்றுள் ஒன்று. தவறாக அளப்பதைவிட அளக்காதிருப்பதே மேல் என்பது அவர் கொள்கை.

அவர் வாழ்நாளிலேயே, 1999-இல், இண்டோயெக்ஸ் ஆய்வுக்காக மாலத்தீவிலிருந்து பறந்த விமானம் கடல்மேல் காற்றைச் சேகரித்துச் சோதித்தது. தெற்காசியாவின் புகை இந்தியப் பெருங்கடலின்மேல் சுமார் 3 கி.மீ. உயரம்வரை படர்ந்திருந்தது. கடலுக்குப் போன புகை கரைந்துபோகும் என்ற நம்பிக்கை பொய்த்தது.

2001-இல் அன்னா மணி மறைந்தார். ஒருவர் செய்கையின் சுமை பிறர்மேல் விழுவதைப் பொருளியலில் புறவிளைவு என்போம். அளக்கப்படாத புறவிளைவுக்கு விலையுமில்லை, பொறுப்பேற்பவருமில்லை. நம் சிறுநகரங்கள் பலவற்றில் இன்றும் காற்றை அளக்கும் நிலையம் இல்லை. அதை நிறுவுவதே அவருக்கு நாம் செலுத்தும் அஞ்சலி.