வாயில்லா உயிருக்காக வாதாடிய அம்மையார்



ஒரகடத்திலே வாகனச் சோதனை மையம் இருக்கிறது. காரை மோதவிட்டுப் பார்க்கும் சோதனையில் உள்ளே அமர்ந்திருப்பது பொம்மை. ஒரு காலத்தில் அமெரிக்காவிலே அந்த ஆசனத்தில் பன்றியைக் கட்டிவைத்து மோதினார்கள். பன்றி போய்ப் பொம்மை வந்தது. தானாகவா வந்தது? உயிரை வதைக்காமல் உண்மையை அறிய வழியில்லையா என்று கேட்டோர் இருந்தனர். அந்தக் கேள்வியை டில்லி மன்றத்திலே எழுப்பியவர், மதுரையிலே பிறந்த ருக்மணி தேவி அம்மையார்.

1904ல் பிறந்தார். பதினாறாம் வயதில் ஜார்ஜ் அருண்டேல் எனும் ஆங்கிலேயரை மணந்தார். ஊர் கொதித்தது, உற்றார் முகம் சுளித்தனர், அவர் கலங்கவில்லை. உயர்குலப் பெண் மேடையேறலாமா என்று கேட்ட நாளில், 1935ல், சதங்கை கட்டி ஆடினார். மறு ஆண்டு கலாக்ஷேத்திரம் கண்டார். அடையாற்றுப் பிரம்மஞான சபை அவர் இடம். பகுத்தறிவுப் பாசறை நம் இடம். இடையே காத தூரம்! அதனால் என்ன? நல்லதை யார் செய்தாலும் நல்லதென்று சொல்லத் தயங்குவோமா?

1952ல் மாநிலங்களவையின் நியமன உறுப்பினரானார். நாட்டியத்தைப் பற்றிப் பேசுவார் என்றிருந்தனர். அவரோ நாயையும் மாட்டையும் குரங்கையும் பற்றிப் பேசினார்.

குரங்கைப் பற்றி ஏன்? இளம்பிள்ளை வாதத்துக்குத் தடுப்பு மருந்து பிறந்த காலம் அது. மருந்து செய்யக் குரங்கின் சிறுநீரகம் வேண்டும். இந்தியக் காடுகளிலே பிடித்த குரங்குகள் ஆயிரமாயிரமாய்க் கடல் கடந்தன. 1955ல் லண்டன் விமான நிலையத்திலே, அடைத்துவைத்த வண்டிக்குள் நூற்றுக்கணக்கான குரங்குகள் மூச்சுமுட்டி மாண்டன. ஆராய்ச்சி மேசையைக்கூட அவை பார்க்கவில்லை! அந்தச் சாவால் எந்தக் குழந்தை பிழைத்தது?

அம்மையார் தனிநபர் மசோதா கொண்டுவந்தார். சர்க்காரே சட்டம் செய்யும் என்று பிரதமர் நேரு வாக்களிக்க, மசோதாவைத் திரும்பப் பெற்றார். 1960ல் பிராணிவதைத் தடுப்புச் சட்டம் வந்தது. ஆராய்ச்சிக்காக உயிர்களை அறுப்பதே அம்மையாருக்கு உடன்பாடில்லை. சட்டமோ ஆராய்ச்சியைத் தடுக்கவில்லை. கடிவாளம் மட்டும் போட்டது. இயன்றவரை சிறு பிராணி போதுமென்றால் பெரியதைத் தொடாதே; கத்தி வைக்குமுன் மயக்க மருந்து கொடு; கைப்பழக்கத்துக்காக மட்டும் உயிரை அறுக்காதே; புத்தகமும் மாதிரியும் படமும் போதுமானால் கல்லூரியிலே அறுவை வேண்டாம் என்றது. மீறிய ஆராய்ச்சிக்கூடத்துக்கு அது விதித்த உச்ச அபராதம் எவ்வளவு தெரியுமா? 200 ரூபாய்!

கேட்டது மலை, கிடைத்தது மடு. கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போனாரா? இல்லை. 1962ல் அமைந்த பிராணிகள் நல வாரியத்தின் முதல் தலைவராகி, கிடைத்ததை வைத்துக்கொண்டு உழைத்தார். 1977ல் ஜனாதிபதிப் பதவி தேடி வந்தது, வேண்டாமென்றார். 1978ல் குரங்கு ஏற்றுமதி நின்றது. 1986ல் அவர் மறைந்தார். 2014ல், முகப்பூச்சுக்கும் உதட்டுச் சாயத்துக்கும் பிராணிகளை வதைத்துச் சோதிப்பதை நாடு தடை செய்தது.

ஆராய்ச்சிக்கூடத்தைப் பூட்டு என்று நாம் சொல்லவில்லை. நம் பிள்ளைகள் ஊன்றுகோலின்றி ஓடுவது விஞ்ஞானம் தந்த வாழ்வு. அதற்குக் குரங்குகள் கொடுத்த விலையை மறப்பது மட்டும் நன்றி கெட்ட செயல். நோய் தீர்க்க வேறு வழியே இல்லாதபோது ஓர் உயிரைத் தொடுவது வேறு. பழக்கத்துக்கும் பகட்டுக்கும் வதைப்பது வேறு. இரண்டையும் பிரித்துப் பார்ப்பதுதான் பகுத்தறிவு.

ஸ்ரீபெரும்புதூர்த் தொழிற்சாலையிலே, காப்புத் தகடு இல்லாத இயந்திரத்தருகே நிற்கச் சொன்னால் நாம் என்ன செய்கிறோம்? கைபோனால் யார் தருவார் என்று கேட்கிறோம். நமக்கு வாய் இருக்கிறது, சங்கம் இருக்கிறது. கூண்டிலே கிடக்கும் எலிக்கும் முயலுக்கும் யார் இருக்கிறார்? அம்மையார் இருந்தார். இனி நாம் கேட்போம்!