மாட்டுக்கொட்டகையில் கிடைத்த துப்பு: மார்பகப் புற்றுநோய் சிகிச்சையின் பாதையை மாற்றிய ஜார்ஜ் பீட்சன் யார்?

மார்பகப் புற்றுநோய் என்று தெரிந்ததும் இன்று டாக்டர்கள் அடுத்துப் பார்ப்பது ‘ஈஆர், பிஆர், ஹெர்2’ என்ற மூன்று சோதனைகளின் முடிவை. கட்டியின் குணத்தைச் சொல்வது இந்த மூன்றும்தான். இவற்றில் முதல் இரண்டுக்கும் விதை போட்டவர் இலங்கையின் திருகோணமலையில் பிறந்த ஒரு ஸ்காட்லாந்து டாக்டர்.

யார் இவர்?

ஜார்ஜ் தாமஸ் பீட்சன் 1848-ல் பிறந்தார். அப்பா ராணுவ டாக்டர். எடின்பரோவில் மருத்துவம் படித்தவர், கிருமிநாசினி அறுவை சிகிச்சைக்குப் பேர்போன ஜோசப் லிஸ்டரிடம் உதவி டாக்டராக வேலை பார்த்தார்.

1876-ல் ஒரு பண்ணை எஸ்டேட்டில் மனநலம் குன்றிய ஒருவரைப் பார்த்துக்கொள்ளும் வேலை கிடைத்தது. கையில் நிறைய நேரம். பட்டத்துக்கான ஆய்வை எழுதலாம் என்று உட்கார்ந்தவர் எடுத்துக்கொண்ட தலைப்பு, பால் சுரப்பது எப்படி என்பது.

மாட்டுக்கும் புற்றுநோய்க்கும் என்ன சம்பந்தம்?

கன்று ஈன்ற பசுவின் கருப்பையை ஒட்டியுள்ள சினைப்பையை எடுத்துவிட்டால் அது நீண்ட காலம் பால் கறக்கும். சில நாடுகளில் விவசாயிகளுக்கு இது தெரிந்திருந்தது. அப்படியென்றால் எங்கோ இருக்கும் சினைப்பை, மடியை ஆட்டிவைக்கிறது! உறுப்புகளை நரம்புகள்தான் கட்டுப்படுத்துகின்றன என்று எல்லோரும் நம்பிய காலம் அது. ஹார்மோன் என்ற சொல்லே அப்போது கிடையாது.

பால் சுரக்கும்போதும் சரி, புற்றுநோயிலும் சரி, மார்பக செல்கள் வேகமாகப் பெருகுகின்றன. அப்படியானால் இந்தப் பெருக்கத்துக்கும் சினைப்பைதான் காரணமோ என்று யோசித்தார் பீட்சன்.

1895-ல் நடந்தது என்ன?

கிளாஸ்கோவில் 33 வயதுப் பெண் ஒருவர் அவரிடம் வந்தார். மார்பகத்தை எடுத்த பிறகும் புற்றுநோய் திரும்பியிருந்தது. மறுபடி அறுவை செய்ய வழியில்லை. புதிய முறை இது என்பதை அந்தப் பெண்ணிடமும் கணவரிடமும் விளக்கிச் சம்மதம் வாங்கிய பிறகே, 1895 ஜூனில் இரண்டு சினைப்பைகளையும் அகற்றினார். கூடவே தைராய்டு மாத்திரையும் கொடுத்தார். சில மாதங்களில் கட்டி கரைந்துபோனது. 1896-ல் லான்செட் இதழில் இதை எழுதினார். பிறகு நோய் திரும்பினாலும், அந்தப் பெண்ணுக்குச் சுமார் நான்கு ஆண்டு வாழ்வு கிடைத்தது.

அப்புறம் ஏன் எல்லோரும் குணமாகவில்லை?

மற்ற டாக்டர்களும் செய்து பார்த்தார்கள். லண்டனின் ஸ்டான்லி பாய்ட் 1900-ல் கணக்கெடுத்தபோது, ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கே பலன் கிடைத்திருந்தது. மீதிப் பேருக்கு அறுவை சிகிச்சையின் வலிதான் மிச்சம். யாருக்குப் பலிக்கும் என்று முன்கூட்டியே சொல்ல பீட்சனாலும் முடியவில்லை.

கிளாஸ்கோ புற்றுநோய் மருத்துவமனையை வளர்ப்பதிலும், ஆம்புலன்ஸ் சேவையைப் பரப்புவதிலும் உழைத்தவர், 1933-ல் காலமானார். கிளாஸ்கோவின் புற்றுநோய் மையம் இன்றும் அவர் பெயரில்தான் இயங்குகிறது.

விடை எப்போது கிடைத்தது?

சினைப்பையில் சுரக்கும் ஈஸ்ட்ரோஜன் 1920-களில்தான் தெரியவந்தது. அது ஒட்டிக்கொள்ளும் ஏற்பியை 1950-களின் கடைசியில் சிகாகோவில் எல்வுட் ஜென்சன் கண்டறிந்தார். ஏற்பி உள்ள கட்டிக்கு மட்டுமே ஹார்மோனைத் தடுக்கும் சிகிச்சை பலிக்கும். பீட்சனின் புதிர் அங்கே அவிழ்ந்தது.

இன்று பயாப்சியில் எடுத்த சதைத்துணுக்கை மெழுகில் பதித்து, மெல்லிய சீவல்களாக வெட்டி, ஆன்டிபாடி கொண்டு சாயமேற்றிப் பார்க்கிறார்கள். செல்லின் கரு பழுப்பாக மாறினால் ஏற்பி இருக்கிறது. ஹெர்2 புரதம் 3+ என்றால் கட்டி வேகமாக வளரும் ரகம். ஆனால் அதற்கென்றே மருந்து உண்டு. 2+ என்றால் சந்தேகம். ஃபிஷ் என்ற மரபணுச் சோதனையும் தேவை. மூன்றுமே இல்லாவிட்டால் ‘டிரிபிள் நெகட்டிவ்’. மார்பகப் புற்றுநோய்களில் சுமார் 10 முதல் 15 சதவீதம் இந்த ரகம். சீக்கிரம் பரவக்கூடியது, ஹார்மோன் மாத்திரை இதற்குப் பலிக்காது. கீமோதெரபியைத் தள்ளிப்போடக் கூடாது.

அதனால் சிகிச்சை தொடங்கும் முன் இந்த மூன்று முடிவுகளும் ரிப்போர்ட்டில் இருக்கின்றனவா என்று கேட்டு வாங்குங்கள். யாருக்கு எது பலிக்கும் என்று தெரியாமல் பீட்சன் காலத்துப் பெண்கள் கத்தியின் கீழ் படுத்தார்கள். இன்று அந்த நிலை யாருக்கும் வர வேண்டியதில்லை.