இரட்சணிய யாத்திரிகம் தந்தவர்

எச். ஏ. கிருஷ்ணபிள்ளையை நான் முதலில் படித்தது கம்பனுக்காகத்தான். 'கிறித்துவக் கம்பர்' என்று அவரை ஏன் அழைக்கிறார்கள் என்று பார்க்க நினைத்தேன்.

1827ல் நெல்லைச் சீமையின் கரையிருப்பில், வைணவ வேளாளர் குடும்பத்தில் பிறந்தவர். 1853ல் சாயர்புரம் மிஷன் பள்ளியில் தமிழாசிரியரானார். உடன்பிறந்த முத்தையா பிள்ளை முன்னதாகவே கிறித்துவரானார். இவர் 1858ல் சென்னையில் ஞானஸ்நானம் பெற்றார்.

1678ல் வெளிவந்த ஜான் பனியனின் கதையைத் தழுவி, 1894ல் இரட்சணிய யாத்திரிகத்தைக் காப்பியமாகத் தந்தார். பாவச்சுமையை முதுகில் ஏற்றிக்கொண்டு, மனைவி மக்கள் கூப்பிடக் கூப்பிட ஊரைவிட்டு ஓடுகிறான் ஒருவன். சிலுவையடியில் அந்தச் சுமை தானாகவே அவிழ்ந்து விழுகிறது. அவன் முயற்சியால் அல்ல, அருளால். ஆனால் பயணம் அங்கே முடிவதில்லை. சோதனைகளும் போர்களும் அதற்குப் பிறகும் உண்டு. பாவத்தை வெல்வது என்றால் என்ன என்பதற்குக் கிறித்துவம் தரும் பதில் இதுவே என்று எனக்குப் புரிந்தது.

சரணாகதியைக் கேட்டு வளர்ந்தவருக்கு இது அந்நியமாக இருந்திருக்காது என்று நினைக்கிறேன். காப்பியத்தின் இடையே வரும் இசைப்பாடல்களுக்குத் தேவாரம் என்றே பெயர் வைத்தார். சமயம் மாறியவர் தமிழ் மரபை விடவில்லை.

1900ல் மறைந்தார். சுமை விழும் அந்த இடத்தை, நம்பிக்கை எதுவானாலும், ஒருமுறை படித்துப் பாருங்கள்.