மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையார்

ஆண்டு விழா நெருங்கிவிட்டால் நம் காலனிக் குடும்பங்களில் தனியொரு சுறுசுறுப்பு பிறந்துவிடுகிறது. தாய்மார்கள் முறுக்கும் அதிரசமும் செய்து கடை பரப்புகிறார்கள். இளைஞர்கள் நாடகச் சீட்டு விற்கிறார்கள். சேர்ந்த தொகை நலிந்த குடும்பம் ஒன்றிற்கோ, போரில் தலைவனை இழந்த வீடு ஒன்றிற்கோ போய்ச் சேருகிறது. இத்தகைய சிறு முயற்சிகளால் என்ன விளைந்துவிடப் போகிறது என்று ஐயுறுவோரும் உண்டு. அவ்வையத்தைப் போக்க வல்லது, சென்னையில் வாழ்ந்து மறைந்த மேரி கிளப்வாலா ஜாதவ் அம்மையாரின் வரலாறு.

அம்மையார் 1909-ஆம் ஆண்டு உதகமண்டலத்தில், ருஸ்தம் பட்டேல், அல்லமாய் தம்பதியரின் மகளாகப் பிறந்தார். அவர் பார்சி இனத்தவர். பாரசீகத்தை விட்டு வந்து குஜராத்தில் குடியேறி, பின்னர் பிழைப்பை நாடி நாட்டின் பல பகுதிகளுக்கும் சென்றவர்கள் அம்மக்கள். சென்னையில் அவர்கள் தொகை சில நூறு பேரே. ஆயினும் வந்த ஊரைச் சொந்த ஊராகவே கொண்டு அதற்கு உழைத்தார்கள். வேற்றூரில் வேரூன்றி வாழும் நமக்கு அவர்களிடம் கற்க வேண்டியவை பல உண்டு.

மேரி சென்னையில் கல்வி பயின்றார். பதினெட்டாவது வயதில் நோகி கிளப்வாலா என்பவரை மணந்தார். 1930-இல் குஸ்ரோ என்னும் மகன் பிறந்தான். ஆனால் 1935-இல் கணவர் நோயுற்றுக் காலமானார். கையில் சிறு குழந்தை. வயதோ முப்பதைக்கூட எட்டவில்லை. கணவனை இழந்த பெண் வீட்டின் மூலையே கதியென்று இருந்த காலம் அது. அம்மையார் மூலையை நாடவில்லை. 1923-இல் சென்னையில் தோன்றியிருந்த 'கில்ட் ஆஃப் சர்வீஸ்' என்னும் தொண்டு ஸ்தாபனத்தின் பணியில் தம் துயரைக் கரைத்துக் கொண்டார். நாளடைவில் அந்த ஸ்தாபனத்தின் உயிர்நாடியாகவே விளங்கினார்.

இரண்டாம் உலக யுத்தம் மூண்டது. 1942 ஏப்ரலில் ஜப்பானிய விமானங்கள் விசாகப்பட்டினத்திலும் காக்கிநாடாவிலும் குண்டு வீசின. சென்னைவாசிகள் பலர் மூட்டை முடிச்சுகளுடன் நகரை விட்டுப் புறப்பட்டனர். மக்கள் வெளியேற, நகரிலும் சுற்றுப்புறத்திலும் படையினர் வந்து நிறைந்தனர். தொலைதூரத்திலிருந்து வந்த இந்தியச் சிப்பாய்க்கு இவ்வூர் மொழி புரியவில்லை. ஓய்வு நேரத்தை இனிது கழிக்க வசதியும் குறைவு. மொழி தெரியாத ஊரில் தனித்து நிற்பதன் வருத்தம் எத்தகையதென்பதை நாம் நன்கறிவோம்.

அவ்வாண்டிலேயே அம்மையார் கில்டின் துணையுடன் இந்திய விருந்தோம்பல் குழுவை நிறுவினார். வெவ்வேறு சமயத்தையும் சமூகத்தையும் சேர்ந்த பெண்மணிகளை ஒரே குழுவில் இணைத்தார். அவர்கள் விழாக்கள் நடத்தி நிதி திரட்டினர்; நடமாடும் சிற்றுண்டி வண்டிகளை அனுப்பினர்; மருத்துவமனைகளில் கிடந்த காயமுற்றோரைக் கண்டு அளவளாவினர்; மனத்தை வேறு வழியில் திருப்பி ஆறுதல் தரும் சிறு பணிகளையும் ஏற்பாடு செய்தனர்.

அதே 1942-இன் ஆகஸ்டில் நாடெங்கும் விடுதலைக் கிளர்ச்சி பொங்கியது. தலைவர்கள் சிறையில் இருந்தார்கள். அந்நியர் நடத்தும் போரில் நமக்கென்ன வேலை என்று கேட்டோர் பலர். அக்கேள்வியில் நியாயம் இல்லாமலில்லை. ஆயினும் அம்மையாரின் தொண்டு ஊரையும் உறவையும் பிரிந்து வந்த பிள்ளைகளுக்குச் செய்த தொண்டென்றே நாம் கொள்கிறோம்.

யுத்தம் முடிந்தது. ஆரவாரம் ஓய்ந்தபின் படைவீரனை நினைப்போர் எப்போதும் சிலரே. அம்மையார் அச்சிலரில் ஒருவர். குழுவைக் கலைத்துவிடாமல், பணியிலிருந்து விடுபட்டுத் திரும்பிய வீரர்களுக்கும் அவர்தம் குடும்பங்களுக்கும் உதவும் வேலையைத் தொடர்ந்தார். பர்மியப் போர்முனையில் வெற்றி கண்ட பதினான்காவது சேனை, தான் கைப்பற்றிய ஜப்பானிய வாள் ஒன்றை அவருக்கு நன்றிப் பரிசாக வழங்கியது. இந்தியர், கூர்க்கர், ஆங்கிலேயர், ஆப்பிரிக்கர் எனப் பல நாட்டவர் தோளோடு தோள் நின்ற சேனை அது. போர்க்களத்தையே காணாத பெண்மணிக்கு வாள் பரிசு! விருந்தோம்பல் நாடுகளுக்கிடையேயும் நட்பை வளர்க்கும் என்பதற்கு இதைவிட நற்சான்று வேண்டுவதில்லை.

நல்ல மனம் மட்டும் இருந்தால் போதாது, தொண்டிற்கும் முறையான பயிற்சி வேண்டும் என்பதை அம்மையார் அனுபவத்தில் உணர்ந்தார். அதன் பயனாக 1952-இல் சென்னை சமூகப்பணிப் பள்ளி தோன்றியது. தென்னிந்தியாவில் இத்துறைக்கென ஏற்பட்ட முதல் கல்விக்கூடம் அதுவே. எழும்பூரில் அது இன்றும் நடைபெற்று வருகிறது.

இராணுவ அதிகாரியான மேஜர் சந்திரகாந்த் ஜாதவை அம்மையார் மறுமணம் செய்து கொண்டார். 1956-இல் சென்னை ஷெரீப் பதவி அவரை வந்தடைந்தது. 1955-இல் பத்மஸ்ரீ, 1968-இல் பத்மபூஷண், 1975-இல் பத்மவிபூஷண் என அரசு விருதுகளும் தொடர்ந்தன. இறுதி விருது பெற்ற அந்த 1975-ஆம் ஆண்டிலேயே அவர் மறைந்தார்.

அம்மையார் கையாண்ட கருவிகள் யாவை? ஒரு கோப்பைத் தேநீர், ஒரு தட்டுப் பலகாரம், சில பெண்மணிகளின் ஓய்வு நேரம். இவை நம் காலனியிலும் இருப்பவையே. நம்மிடம் குறைவது ஒன்றே. விழா முடிந்து பந்தல் பிரித்த மறுநாள் நாம் நம் வேலையைப் பார்க்கப் போய்விடுகிறோம். அவரோ மறுநாளும் சென்றார். இவ்வாண்டு நாம் உதவும் குடும்பத்தின் வாசலை அடுத்த மாதமும், அதற்கடுத்த மாதமும் மிதிப்போமானால், அதுவே அவர் நினைவிற்கு நாம் செலுத்தும் அஞ்சலியாகும்.